உண்மை நாடிய அம்மையார்

சென்னை மாநகரின் தென்பால், அடையாற்றங்கரையில், ஆலமரம் விழுதூன்றிப் பரந்து நிற்கும் சோலை ஒன்று உண்டு. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் அங்கு விளங்குகிறது. அச்சபைக்கு 1907 முதல் 1933 வரை தலைவியாக இருந்தவர் அன்னி பெசண்டு அம்மையார். நாத்திகம், ஆத்திகம், இயற்கை கடந்தவற்றில் நம்பிக்கை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.

அம்மையார் 1847 இல் இலண்டனில் பிறந்தார். இருபதாம் வயதில் கிறித்தவப் பாதிரியார் ஒருவரை மணந்தார். 1871 இல் கைக்குழந்தையாகிய மகள் மேபெல் கக்குவான் இருமலால் உயிருக்குப் போராடினாள். அன்பே வடிவான இறைவன் பச்சிளங்குழந்தையை இவ்வாறு வருத்துவானேன் என்ற ஐயம் தாயின் உள்ளத்தில் எழுந்தது. குழந்தை பிழைத்தது, ஐயமோ நீங்கவில்லை. நம்பாத ஒன்றை நம்புவதுபோல் நடிக்க உடன்படாத அம்மையார், திருக்கோயில் விருந்தில் கலந்துகொள்ள மறுத்தார். அதனால் 1873 இல் மகளுடன் கணவர் இல்லத்தினின்றும் வெளியேறினார்.

1874 இல் சார்லசு பிராட்லா என்பாரின் தொடர்பு கிடைத்தது. நாத்திகன் என்பான் கடவுள் இல்லை என்று சாதிப்பவன் அல்லன். கடவுள் என்னும் சொல்லுக்குத் தெளிந்த பொருளும் தக்க சான்றும் காணாமையால் அந்நம்பிக்கையின்றி வாழ்பவன் என்பதே பிராட்லா கொண்ட விளக்கம். அதனையே அம்மையாரும் ஊரூராகச் சென்று பேசினார். குடும்பக் கட்டுப்பாட்டை விளக்கும் நூலொன்றை 1877 இல் இருவரும் வெளியிட்டு வழக்கிற்கு உள்ளாயினர். அந்நூலையும் அவருடைய நாத்திகத்தையும் காரணமாகக் காட்டி, 1878 இல் நீதிமன்றம் மேபெலைத் தாயிடமிருந்து பிரித்தது. ஆயினும் அவர் தம் கொள்கையை மறைத்தாரில்லை.

1889 இல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலொன்றை மதிப்புரைக்காகப் படித்தவர், பிரம்மஞானத்தில் ஈடுபாடு கொண்டார். அடையாற்றில் நிகழ்ந்தனவாகச் சொல்லப்பட்ட அற்புதங்கள் போலியே என்று கூறிய 1885 ஆம் ஆண்டு அறிக்கையை முதலில் படிக்குமாறு பிளாவட்ஸ்கியே பணித்தார். அதனைப் படித்தும் அம்மையார் மனம் மாறாது சபையிற் சேர்ந்தார். பழைய நண்பர்கள் திகைத்தனர்.

எனினும் அவர் தாம் விட்டு வந்த கடவுட்கொள்கைக்குத் திரும்பினாரல்லர். வினைப்பயன், மறுபிறப்பு, கண்ணுக்குப் புலனாகாத ஞானாசிரியர்கள் ஆகியவற்றை ஏற்றார். ஆளுருக் கொண்டு உலகைப் படைத்த கடவுளை அன்று. இயற்கை கடந்தவற்றை நம்புவோர் அனைவரும் ஆத்திகர் ஆகார் என்பது இதனாற் புலனாகும். நம் நாட்டிலும் முன்னாளில் வேதத்தை ஏற்றோரே ஆத்திகர் எனப்பட்டனர். ஆதலின் படைப்புக் கடவுளை வேண்டாத சாங்கியமும் ஆத்திகத்துள் வைத்து எண்ணப்பட்டது.

1893 இல் அம்மையார் இந்தியாவிற்கு வந்தார். 1917 இல் காங்கிரசு மகாசபையின் முதற் பெண் தலைவரானார். மேபெலும் வளர்ந்தபின் தாயிடம் திரும்பினாள். 1933 செப்டம்பர் 20 ஆம் நாள் அடையாற்றில் அவர் வாழ்வு நிறைவுற்றது.

அவர் கண்ட முடிவுகளை எல்லாரும் ஏற்றல் வேண்டுவதில்லை. ஆனால், ஒருவரை நாத்திகர் என்றோ ஆத்திகர் என்றோ அழைக்குமுன், அவர் எதனை நம்புகிறார், எதனை நம்பவில்லை என்று கேட்டறிதல் நம் கடமையாகும். நாத்திகத்தையும் ஒரு காரணமாகக் காட்டியே ஒரு தாயிடமிருந்து அவள் மகவு பிரிக்கப்பட்டது அன்றோ!