ஐம்பதுக்குப் பின் ஒரு காதற்கதை: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

கவிதை இளமையில் பிறக்கும் என்றும், காதலைப் பாடுவதற்கு வாலிபமே ஏற்ற பருவம் என்றும் ஒரு கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. இக்கருத்தைத் தம் வாழ்வாலேயே மறுத்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சேறியபோது அவர் ஐம்பது வயதைக் கடந்து, உத்தியோகத்திலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தார். நீதிநூல் பாடிய கவிஞராகவும் நேர்மை தவறாத முன்சீப்பாகவும் நாடறிந்திருந்த ஒருவர், அந்த வயதில் உரைநடையில் ஒரு காதற்கதை எழுத முன்வந்தது ஏன்? அவருடைய வாழ்க்கையே இதற்கு விடை தருகிறது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல், கத்தோலிக்க வேளாளர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தமிழையும் ஆங்கிலத்தையும் முறையாகக் கற்றபின், நீதிமன்றத்தில் முதலில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார். 1850-களின் பிற்பகுதியில் மாவட்ட முன்சீப் பதவி அவரைத் தேடி வந்தது. தரங்கம்பாடி, சீர்காழி ஆகிய ஊர்களில் பணியாற்றிய பின் மாயூரம் சேர்ந்தார். அவ்வூரின் பெயர் அவர் பெயருக்கு முன்னொட்டாகவே நிலைத்துவிட்டது.

அவருடைய இலக்கிய வாழ்வு செய்யுளில் தொடங்கியது. 1859-இல் நீதிநூல் வெளிவந்தது. நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டே கைக்கூலியைக் கண்டித்துப் பாடிய துணிவு அந்நூலுக்கு உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர் நண்பர். அப்பெரும் புலவர் வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார் எனின், புலவர் அவையில் முன்சீப்பிற்கு இருந்த மதிப்பை உணரலாம். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவர்மீது பேரன்பு பாராட்டினார். கிறிஸ்தவரான கவிஞரும் சைவ மடத்தின் தலைவரும் தமிழால் இணைந்திருந்த காலம் அது. இவ்விணக்கத்தின் விளைவே போலச் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் அவரிடமிருந்து பிறந்தன.

ஆயின், புலவர் கூட்டம் அறிந்த இம்முகத்திற்கு அப்பால் நீதிமன்றம் உருவாக்கிய மற்றொரு முகமும் அவருக்கு இருந்தது. 1805 முதல் 1861 வரையிலான மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக அவர் வெளியிட்டார். சட்டத்தைத் தமிழில் சொல்ல முயன்ற இவ்வுழைப்பே அவருடைய உரைநடைக்குப் பயிற்சிக்களமாக அமைந்தது எனலாம். தீர்ப்பின் மொழி எதுகைக்கும் மோனைக்கும் காத்திருக்க இயலாது. நடந்தது யாது, சொன்னவர் யார், நியாயம் எந்தப் பக்கம் என்பதை அது ஐயமின்றி உரைத்தாக வேண்டும். நாள்தோறும் பொய்சாட்சிகளையும் பங்காளிச் சண்டைகளையும் சொத்துத் தகராறுகளையும் கேட்டுக் கேட்டு, மனிதர்களின் பேச்சும் குணமும் அவருக்குப் பாடமாகிவிட்டன. நாவலாசிரியனுக்கு வேண்டிய செல்வம் இதனினும் வேறில்லை.

1872-இல் அவர் பதவியிலிருந்து விலகினார். பின்னர் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். அக்கொடையைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். இறைவனையன்றி மனிதரைப் பாடாத அந்த இசைப்புலவர் ஒரு மனிதரைப் பாடினார் என்பது நினைத்தற்குரியது.

பஞ்சம் தணிந்த மறு ஆண்டில் நாவல் வெளிவந்தது. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்குவதே தம் நோக்கம் என்று முன்னுரையில் அவர் தெளிவுபடுத்தினார். 1860-களின் இறுதியில் பெண்மதிமாலை பாடி, பெண்கல்வி குறித்து உரைநடையும் எழுதியவர் அவர். பெண்கள் படிக்க வேண்டும் என வற்புறுத்தியவருக்கு, படிக்கக் கற்ற பெண் எதைப் படிப்பாள் என்ற வினா எழுந்திருத்தல் இயல்பே. நிகண்டும் அந்தாதியும் எல்லார்க்கும் எளியன அல்ல. புலவர் மட்டுமே நுழையும் வாயிலை விட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பாரும் நுழையும் வாயிலொன்றை அவர் திறந்துவைத்தார்.

கதையின் மையம் பிரதாபனும் ஞானாம்பாளும். செல்வச் செருக்கில் படிப்பை வெறுத்த பிரதாபன் ஞானாம்பாளோடு சேர்ந்து படித்தே திருந்துகிறான். அழகைக் கண்டு மயங்கும் காதலாக அன்றி, அறிவை மதித்து வளரும் காதலாக இதனை அவர் படைத்தார். மணமக்கள் எந்த வீட்டில் வாழ்வது என்பதில் தந்தையர் பிணங்கத் திருமணம் தடைப்படுகிறது. குடும்ப வழக்குகளை நெடுநாள் விசாரித்தவரின் கைவண்ணம் இங்கே புலனாகும். திருமணத்திற்குப் பின்னும் பிரிவு நேர்கிறது. கணவனைத் தேடிப் புறப்பட்ட ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு, விக்கிரமபுரியின் அரசராகி நாடாள்கிறாள். காதலியாக அறிமுகமானவளைத் தலைவனினும் ஆற்றல் மிக்க ஆட்சியாளராக உயர்த்தியது 1879-இல் பெரும் புதுமை. நீதிமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்னும் தம் உள்ளக்கிடக்கையையும் கதையினூடே அவர் வாதாடினார்.

இந்நாவலில் குறைகள் இல்லாமல் இல்லை. கிளைக்கதைகள் மிகுதி; அறிவுரைகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன; தற்செயல் நிகழ்ச்சிகள் பல. நாவல் இலக்கணத்திற்கு இது முற்றும் பொருந்தாது என வாதிடும் திறனாய்வாளரும் உண்டு. ஆனால் கற்பதற்குத் தமிழில் முன்மாதிரி ஏதுமின்றி அவர் எழுதினார் என்பதை மறத்தலாகாது. இராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் வெளிவரத் தொடங்கியது 1893-இல். மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் வெளிவந்தது 1898-இல். இவ்விருவரும் நடந்த பாதைக்கு முதற்கல் இட்டவர், புலவர்க்குரிய புகழை ஏற்கெனவே பெற்றுவிட்ட ஒரு முதியவர். பெற்ற புகழைப் பணயம் வைத்தே அவர் அதனைச் செய்தார்.

எழுத்து அத்துடன் ஓயவில்லை. அறுபது வயதில், 1887-இல், சுகுணசுந்தரி என்னும் இரண்டாம் நாவலை வெளியிட்டார். குழந்தை மணத்தின் தீமையை அந்நூல் எடுத்துரைத்தது. 1889 ஜூலை 21-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் மலையாளத்தில் இந்துலேகா என்னும் காதல் நாவல் தோன்றியது. அதனை எழுதிய சந்துமேனோனும் நீதித்துறை அலுவலரே. கல்வி கற்ற பெண்ணொருத்தி அங்கும் கதைத்தலைவி ஆனாள். ஒருவரையொருவர் பின்பற்றினர் எனக் கொள்ள வேண்டுவதில்லை. மனிதரின் வழக்குகளைக் கேட்டுத் தேர்ந்த செவிகள் இரு மொழிகளிலும் ஒரே தேவையை உணர்ந்தன எனக் கொள்வதே பொருந்தும்.

வேதநாயகம் பிள்ளை காலந்தாழ்த்தி நாவலாசிரியரானார் என்பர். இருபது வயதில் அவர் எழுதியிருப்பின் ஒரு கோவையோ உலாவோ நமக்குக் கிடைத்திருக்கலாம். ஞானாம்பாள் கிடைத்திருக்க மாட்டாள். அவளைப் படைக்க நீதிமன்ற மேசையும், தீர்ப்புகளின் மொழிபெயர்ப்பும், பஞ்சத்தின் கஞ்சித் தொட்டியும் வேண்டியிருந்தன. கவிதையைத் துறக்காமலே உரைநடைக்கு வந்த அப்பெருமகனின் வாழ்வு, கவிஞர்களுக்கு ஒன்றை உணர்த்துகிறது. பயின்ற வடிவத்தினும் பெரியது, எழுத்து எட்டவேண்டிய வாசகரின் தேவை. அதனை உணரும் நாள் எந்த வயதில் வந்தாலும் அது தாமதம் ஆகாது.