ஃபியூயல் செல்லைத் தந்த வழக்கறிஞர்: வில்லியம் குரோவ் பாதியில் விட்ட வேலை என்ன?

ஹைட்ரஜன் கார், ஹைட்ரஜன் பேருந்து என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அவற்றுக்குள் மின்சாரம் தயாரிக்கும் ஃபியூயல் செல் ஏதோ புதுசுன்னு தோன்றலாம். ஆனால் அதன் வயது 180-க்கும் மேல். அதை உருவாக்கியவர் தொழில்முறையில் ஒரு வழக்கறிஞர்!

யார் இவர்?

வில்லியம் ராபர்ட் குரோவ் 1811-இல் வேல்ஸ் பகுதியின் ஸ்வான்சி நகரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து வழக்கறிஞர் ஆனார். உடல்நலம் ஒத்துழைக்காததால், அறிவியல் பக்கம் திரும்பினார். 1839-இல் துத்தநாகம், பிளாட்டினம் கொண்டு அவர் செய்த மின்கலம், அமெரிக்காவின் ஆரம்பகாலத் தந்தி நிலையங்களில் பயன்பட்டது. 1841-இல் லண்டன் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஆனார்.

என்ன செய்தார்?

மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீர், ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அப்படின்னா, இரண்டையும் சேர்த்தால் மின்சாரம் வருமா? கந்தக அமிலம் கலந்த நீரில் பிளாட்டினத் துண்டுகளை நிறுத்தி, ஒரு குழாயில் ஹைட்ரஜனையும் இன்னொன்றில் ஆக்சிஜனையும் அடைத்தார் குரோவ். மின்சாரம் வந்தது. 1842-இல் இப்படிப் பல செல்களை வரிசையாக இணைத்து, கிடைத்த மின்சாரத்தாலேயே தண்ணீரைப் பிரித்தும் காட்டினார்.

எங்கே சிக்கியது?

ஒரு செல்லில் 1 வோல்ட்கூடக் கிடைக்காது. வாயு, அமிலம், பிளாட்டினம் மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் வேதிவினை நடக்கும். அந்தப் பரப்போ ரொம்பக் குறைவு. இதை குரோவே புரிந்துவைத்திருந்தார். கொள்கை சரிதான், அதற்கேற்ற பொருள்தான் கையில் இல்லை.

இதற்கிடையே குடும்பம் பெருகியது, பணம் தேவைப்பட்டது. 1846-இல் பேராசிரியர் பதவியை விட்டு மீண்டும் வழக்கறிஞர் தொழிலுக்கே போனார். 1871-இல் நீதிபதி ஆனார். 1896-இல், 85 வயதில் காலமானார்.

இப்போது என்ன பிரச்சினை?

இன்றைய ஃபியூயல் செல்லிலும் பொருள்தான் தலைவலி. குரோவ் வரிசையாக இணைத்த செல்கள் இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு நடுவில் இருக்கும் தகடுதான் ஹைட்ரஜனையும் காற்றையும் பிரித்துவைக்கிறது. மின்சாரத்தை அடுத்த செல்லுக்குக் கடத்துகிறது. உள்ளே சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூடு, ஈரம், அமிலத்தன்மை. சாதாரண உலோகம் அரித்துவிடும். முழு கிராஃபைட்டில் தகடு கடைந்தால் செலவு அதிகம், சட்டென உடையும்.

அதனால் கிராஃபைட் தூளை எபாக்ஸி, பாலிப்ரொப்பிலீன் போன்ற பாலிமர்களுடன் கலந்து அச்சில் அழுத்துகிறார்கள். இந்த பாலிமர்கள் மின்சாரத்தைக் கடத்தாது. கிராஃபைட் துகள்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் மின்சாரம் போகும். கிராஃபைட்டை அதிகமாகச் சேர்த்தால் தகடு நொறுங்கும், அச்சிலும் கலவை ஓடாது. குறைத்தாலோ, கடத்துதிறன் விழுந்துவிடும். அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு, சென்டிமீட்டருக்கு 100 சீமென்ஸ்.

இதற்கு ஒரு வழி, கார்பன் பிளாக், கார்பன் நானோகுழாய் போன்றவற்றைக் கொஞ்சமாகச் சேர்ப்பது. இவை பெரிய துகள்களுக்கு நடுவே பாலம் போடும். ஆனால் இவையும் அளவு மீறினால் கலவை இறுகிவிடும்.

மின்சாரம் வரும் என்பதை குரோவ் நிரூபித்துவிட்டார். அதை மலிவாக, நீண்டகாலம் தாங்கும்படி செய்யத் தேவையான பொருளைத் தேடுவதுதான் இன்றும் தொடரும் வேலை.