கடிகாரத்தைக் கழற்றிய சிறுமி



லீவு போட்ட நாளுக்கு நோட்டை வாங்கி காப்பி பண்ணும்போது 4-ஐ 9-னு எழுதி, கணக்கு மொத்தமும் தப்பாகிப் போயிருக்கா? இதே தொல்லையில் இருந்துதான் கம்ப்யூட்டர் உலகில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு பிறந்தது. கண்டுபிடித்தவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

இவர் 1906 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு பார்க்க வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களையும் கழற்றிப் போட்டுவிட்டார்! 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் பாடம் நடத்தினார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேரப் போனார். வயசு அதிகம், எடை குறைவு என்றார்கள். அவர் விடவில்லை. 1943-ல் சேர்ந்தே விட்டார்.

1944-ல் ஹார்வர்டில் இருந்த மார்க் 1 கணினிக்கு அனுப்பப்பட்டார். அதன் நீளம் 51 அடி! காகித நாடாவில் ஓட்டை போட்டுத்தான் கட்டளை கொடுக்கணும். சரியாக ஓடிய கட்டளைத் துண்டுகளை எல்லோரும் நோட்டில் குறித்து வைத்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார்கள். எழுதும்போது எழுத்து மாறிவிடும். பிறகு வந்த கணினிகளில் இன்னொரு சிக்கல். துண்டு புது இடத்தில் உட்கார்ந்தால் அதில் உள்ள முகவரி எண்களை எல்லாம் கூட்டி மாற்றணும். கூட்டலிலும் தப்பு வரும்.

பார்த்தார் ஹாப்பர். காப்பி பண்றதையும் கூட்டுறதையும் மெஷினே செய்யட்டும் என்று முடிவு செய்தார். 1952-ல் யூனிவாக் கணினிக்கு 'ஏ-0' தயாரானது. துண்டுகள் எல்லாம் காந்த நாடாவில் ஒரு நூலகம் போல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணைச் சொன்னால் போதும். கணினியே துண்டை எடுத்து, முகவரியைத் திருத்தி, ஒரே நிரலாக இணைத்துவிடும். கணினி கணக்கு மட்டும்தான் போடும் என்று சொல்லிப் பலர் நம்பவே இல்லை!

அடுத்து, ஆங்கிலச் சொற்களால் கட்டளை கொடுக்கும் மொழியை உருவாக்கினார். பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் அதே நிரலை ஓட்டிக் காட்டினார். மெஷினுக்கு எல்லாம் ஒன்றுதானே! ஆனால் மேலதிகாரிகள் மிரண்டு போனார்கள். 1959-ல் தொடங்கிய கோபால் என்ற கணினி மொழிக்கு அவர் உழைப்பே அடிப்படை.

இன்றைக்கு சி மொழியில் ஒரு துண்டு, ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு துண்டு எழுதினாலும் இரண்டும் மெஷின் மொழியாக மாறிய பின் 'லிங்கர்' இணைத்துவிடும். துண்டின் பெயரும், எண்களைக் கொடுத்து வாங்கும் முறையும் இரண்டு பக்கமும் பொருந்தணும், அவ்வளவுதான். 'பொது நூலகம்' என்ற வகையும் உண்டு. வகுப்புக்கே ஒரு அகராதி போல, ஒரே பிரதியைப் பல நிரல்கள் பங்கிட்டுக்கொள்ளும்.

1986-ல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

நண்பர்களே, அடுத்த தடவை நோட்டில் தப்பு வந்தால் அழித்துவிட்டு மட்டும் போகாதீங்க. ஏன் வந்தது என்றும் கொஞ்சம் யோசிங்க!