செவிலியர்க்கு வழிகாட்டிய அம்மையார்

நோய் தீர்வதற்கு வேண்டுவன நான்கு என வகுத்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்பவரையும் அப்பெரியார் சேர்த்து எண்ணினார். மருத்துவர் நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ வந்து செல்வர். பகலும் இரவும் நோயாளியின் பக்கத்தில் நின்று, முகக்குறிப்பறிந்து, வேளை தவறாமல் மருந்தும் உணவும் அளித்துக் காப்பவர் செவிலியரே ஆவர். இத்துணைச் சிறந்த பணி மேலை நாடுகளில் ஒரு காலத்தில் இழிந்ததாகக் கருதப்பட்டது. அதனை உயர்ந்த தொண்டாகவும், முறையாகக் கற்றற்குரிய கலையாகவும், ஆராய்ந்து திருத்துதற்குரிய துறையாகவும் ஆக்கியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே திங்கள் 12ஆம் நாள் பிறந்தார். இவருடைய பெற்றோர் ஆங்கில நாட்டுச் செல்வர். அவர்கள் இத்தாலி நாட்டிற்குச் சென்று தங்கியிருந்தபோது, புளோரன்ஸ் என்னும் எழில் மிகுந்த நகரில் இவர் பிறந்தார். ஆதலின் அந்நகரின் பெயரையே மகளுக்கு இட்டனர். தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் கல்வியில் பெருவிருப்பம் உடையவர். செல்வர் வீட்டுப் பெண்களுக்கு இசையும் நடனமும் தையலுமே போதும் என்று பலரும் எண்ணிய காலம் அது. அவரோ தம் பெண்மக்கள் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளையும் வரலாற்றையும் தாமே கற்பித்தார். இளைய மகளாகிய புளோரன்சுக்குக் கணக்கிலே தனி ஆர்வம் இருந்தது. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று வீட்டில் தயங்கினர். ஆயினும் அவர் விடாது வேண்டிக் கணக்கும் கற்றார். அக்கணக்குப் பின்னாளில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காக்கத் துணையாகும் என்பதை அன்று யார் அறிவார்?

ஊரில் ஏழை எளியவர் நோயுற்றால் அவர்தம் குடிசைக்குச் சென்று உதவுவது இளமையிலேயே இவருக்கு வழக்கமாயிற்று. 1837ஆம் ஆண்டில், பதினாறு வயதில், இறைவன் தம்மை ஏதோ ஒரு தொண்டுக்கு அழைப்பதாக இவர் உணர்ந்தார். அது நோயாளரைப் பேணும் தொண்டே என்னும் தெளிவு சில ஆண்டுகளிற் பிறந்தது. 1845ஆம் ஆண்டில், சாலிஸ்பரி நகர மருத்துவமனையிற் சேர்ந்து பயில விரும்புவதாகப் பெற்றோரிடம் கூறினார். அவர்கள் திடுக்கிட்டு மறுத்தனர். அதற்குக் காரணமும் இருந்தது. அந்நாளைய மருத்துவமனைகள் அழுக்கும் நாற்றமும் மிக்கவை. செவிலிப் பணிக்கு வந்தவர்களிற் பெரும்பாலார் பயிற்சி இல்லாதவர்; சிலர் குடிப்பழக்கம் உடையவர். அத்தகைய இடத்திற்குத் தம் அருமை மகளை அனுப்பப் பெற்றோர் எவ்வாறு இசைவர்? ஆயினும் மகளின் உறுதி தளரவில்லை. வீட்டார் துயில் எழுவதற்கு முன்பே எழுந்து, விளக்கொளியில் மருத்துவமனை அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். தம்மை மணக்க விரும்பிய நல்லார் ஒருவரையும், தொண்டு தடைப்படும் என்றெண்ணி, மணவாது விடுத்தார்.

இறுதியில் அவர் உறுதியே வென்றது. செருமானிய நாட்டில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில், பிளீட்னர் என்னும் பாதிரியார் செவிலியரைப் பயிற்றும் இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். 1851ஆம் ஆண்டில் அம்மையார் அங்கே மூன்று திங்கள் தங்கிப் பயின்றார். 1853ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில் நோயுற்ற பெண்டிர்க்காக நடந்த சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அங்கே அவர் முதலிற் செய்த சீர்திருத்தம் கருதத்தக்கது. அவ்வில்லம் பல மாடிகளை உடையது. செவிலியர் வெந்நீருக்கும் உணவுக்கும் நாள் முழுதும் படிகளில் ஏறி இறங்கிக் களைத்தனர். நோயாளி அழைத்தால், அழைத்தவர் இன்னார் என்று அறியாது அறைதோறும் சென்று தேடினர். அம்மையார் மாடிதோறும் வெந்நீர்க் குழாய் அமைக்கச் சொன்னார். உணவை மேலே ஏற்றுவதற்கு ஒரு பொறியை அமைப்பித்தார். எந்த நோயாளி அழைக்கிறார் என்று காட்டும் மணிகளையும் பொருத்தச் செய்தார். செவிலியின் காலுக்கு ஓய்வு கிடைத்தால்தான் அவள் கண்ணும் கருத்தும் நோயாளியின்மேல் நிற்கும் என்பது அவர் கண்ட உண்மை. செவிலியின் நலமும் நோயாளியின் நலமும் வேறல்ல என்னும் இக்கொள்கையை அவர் தம் வாழ்நாள் முழுதும் கைக்கொண்டார்.

1854ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக நின்று உருசியாவோடு பொருதன. கிரிமியா என்னும் தீபகற்பத்தில் கடும்போர் நடந்தது. காயமுற்ற ஆங்கில வீரர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டு, கருங்கடலைக் கடந்து, துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே அவர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்த செய்தியை இலண்டன் நாளிதழ் ஒன்று வெளியிட்டது. நாடே கொதித்தது. படைத்துறை அமைச்சர்களில் ஒருவரான சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். செவிலியர் குழு ஒன்றை நடத்திச் செல்லுமாறு அவர் அம்மையாரை வேண்டினார். அம்மையாரும் 38 பெண்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டு, நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் ஸ்கூட்டாரியை அடைந்தார்.

அங்கே கண்ட காட்சி கல் நெஞ்சையும் கரைப்பதாயிருந்தது. படைவீடு ஒன்றே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. அதன் நெடிய தாழ்வாரங்களில் வீரர் வரிசை வரிசையாகக் கிடந்தனர். போதிய கட்டில் இல்லை, மாற்றுடை இல்லை, சோப்பும் துண்டும் இல்லை. எங்கும் எலியும் பேனும் நிறைந்திருந்தன. பெண்கள் வந்து தங்கள் பணியிற் குறுக்கிடுவதை மருத்துவர் பலர் விரும்பவில்லை. அம்மையார் சினவாது பொறுத்திருந்தார். சில நாட்களில் இங்கர்மன் போரிற் காயமுற்றோர் கூட்டங்கூட்டமாக வந்தனர். மருத்துவர்கள் திகைத்துச் செவிலியரின் உதவியை நாடினர். அன்று முதல் அம்மையாருக்கு ஓய்வென்பதே இல்லை. அடுக்களைகளைத் திருத்தினார், துணி வெளுக்க இடம் அமைத்தார், வேண்டும் பொருள்களை நன்கொடைப் பணத்தால் வாங்கினார். இறந்த வீரரின் தாய்மார்க்கும் மனைவியர்க்கும் தம் கைப்படக் கடிதம் எழுதினார். இரவில் எல்லாரும் உறங்கிய பின்னர், கையில் விளக்கேந்தித் தாழ்வாரங்களில் தனியே நடந்து, துயருற்றோரைத் தேற்றினார். விளக்கேந்திய நங்கை என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

ஆயினும் சாவு குறையவில்லை. 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அம்மருத்துவமனை நோயாளருள் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். காயத்தால் இறந்தவரைவிட வாந்திபேதி, சீதபேதி, காய்ச்சல் முதலிய நோய்களால் இறந்தவரே பன்மடங்கினர். மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து சேர்ந்தது. மருத்துவமனையின் கீழே சாக்கடைகள் அடைபட்டுத் தேங்கியிருந்ததை அக்குழுவினர் கண்டனர். குடிநீர் வரும் கால்வாயில் செத்த குதிரை ஒன்று கிடந்தது. அவர்கள் சாக்கடைகளைத் துப்புரவு செய்தனர், நீரைத் தூய்மைப்படுத்தினர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர், காற்று வரச் சாளரங்களைத் திருத்தினர். ஜூன் திங்களில் இறப்பு நூற்றுக்கு 2 என்னும் அளவிற்குக் குறைந்தது.

அவ்வாண்டு மே திங்களிற் கிரிமியாவிற்குச் சென்ற அம்மையார் கொடிய காய்ச்சலுக்கு ஆளாகி உயிர் பிழைத்தார். அவருடன் தொண்டு செய்த செவிலியருட் சிலரோ நோய்க்கு இரையாயினர். போர் முடிந்து 1856ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். நாடு அவரை வரவேற்கக் காத்திருந்தது. அவரோ ஆரவாரத்தை விரும்பாது, வேறு பெயர் பூண்டு, ஒருவரும் அறியாமல் வீடு சேர்ந்தார். உடல் நலிந்தது, வாழ்நாளின் பெரும்பகுதியைப் படுக்கையறையிலேயே கழிக்க நேர்ந்தது. ஆயினும் அவர்தம் பெரும்பணி அங்கேதான் தொடங்கிற்று.

இறந்த வீரர்களை அவர் மறக்கவில்லை. அவர்கள் ஏன் இறந்தனர் என்னும் வினா அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. உணவுக் குறைவாலும் குளிராலும் நலிந்து, சாகும் நிலையில் வந்து சேர்ந்தமையாலேயே வீரர் இறந்தனர் என்று அவர் முதலிற் கருதியிருந்தார். புள்ளிவிவர அறிஞராகிய வில்லியம் பார் என்பவரின் துணைகொண்டு, 1857ஆம் ஆண்டில் இறப்புக் கணக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தார். கணக்கு வேறொன்று கூறிற்று. மற்ற மருத்துவமனைகளைவிடத் தாம் அரும்பாடுபட்ட ஸ்கூட்டாரியிலேயே சாவு மிகுதி என்பதையும், சாக்கடையும் நெரிசலும் கெட்ட காற்றுமே அதற்குப் பெருங்காரணம் என்பதையும் அவர் கண்டார். நாடெங்கும் தம்மைப் புகழ்ந்து கொண்டிருந்த வேளையில் வெளிப்பட்ட உண்மை இது. அதனை மறைத்திருந்தால் கேட்பார் யாருமில்லை. அம்மையார் மறைக்கவில்லை. படைத்துறைக்கு 1858ஆம் ஆண்டில் எழுதிய நெடிய அறிக்கையில், ஸ்கூட்டாரியின் சாவுக் கணக்கைத் திங்கள் வாரியாக எடுத்துக் காட்டினார். புகழினும் உண்மையே பெரிதென்று கொண்ட நெஞ்சம் அவருடையது.

எண்களைக் கண்டு அமைச்சர்கள் சோர்வடையாதிருக்க, அவர் ஒரு வழி கண்டார். வட்டம் ஒன்றை வரைந்து, பன்னிரண்டு திங்களுக்கும் பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்தார். தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவரை நீல நிறத்தாலும், காயத்தால் இறந்தவரைச் செந்நிறத்தாலும், பிற காரணங்களால் இறந்தவரைக் கருநிறத்தாலும் காட்டினார். நீலம் பரந்து விரிந்திருந்தது. செந்நிறமோ சிறிதாய் இருந்தது. பகைவரின் குண்டைவிட நோயே பெரும்பகை என்பதைப் படத்தைக் கண்டவர் நொடியில் உணர்ந்தனர். படைவீடுகளும் படை மருத்துவமனைகளும் திருத்தம் பெற்றன. அவ்வாண்டிலேயே இலண்டன் புள்ளியியற் கழகம் அம்மையாரை உறுப்பினராக ஏற்றது. அப்பேறு பெற்ற முதற்பெண்மணி இவரே.

அம்மையாரின் தொண்டைப் பாராட்டி மக்கள் திரட்டிய நிதியைக்கொண்டு, 1860ஆம் ஆண்டில், இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. தூய காற்று, வெளிச்சம், அமைதி, தூய்மை, ஏற்ற உணவு ஆகியவற்றின் இன்றியமையாமையை விளக்கிச் செவிலியம் பற்றிய நூல் ஒன்றும் எழுதினார். நோயாளியை உற்று நோக்கிக் கண்டதைப் பிழையின்றிச் சொல்லுதலே செவிலியின் முதற்கடமை என்பது அவர் கருத்து. பள்ளியிற் சேர்ந்த பெண்களுக்கு உணவும் உடையும் அளிக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனியறையும் தரப்பட்டது. நல்லுறக்கமும் ஓய்வும் இல்லாத செவிலி நல்ல செவிலியாக இருத்தல் அரிது என்று அவர் நம்பினார். உழைத்துக் களைத்த செவிலியர்க்குத் தம் வீட்டிலிருந்து உணவுப் பண்டங்களும் மலர்களும் அனுப்பி மகிழ்வித்தார்.

இவ்வன்பிற்கும் அவர் கணக்கையே துணையாகக் கொண்டார். இலண்டன் மருத்துவமனைகள் பதினைந்தில், 1848 முதல் 1857 வரை பணியாற்றிய செவிலியரின் இறப்புக் கணக்கைத் தொகுத்து ஆராய்ந்தார். நகரத்து மற்றப் பெண்டிரைவிடச் செவிலியர் தொற்றுநோயால் மிகுதியாக இறந்தமை தெரிய வந்தது. பிறர் உயிரைக் காக்க வந்தவர் தம் உயிரை இழப்பது விதியன்று; மருத்துவமனையின் குறையே என்று அவர் உலகிற்கு உணர்த்தினார். அதன் உண்மையை ஒரு துயர நிகழ்ச்சி மெய்ப்பித்தது. அவருடைய பள்ளியிற் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் நங்கை, 1865ஆம் ஆண்டில், லிவர்ப்பூல் நகரத்து ஏழையர் விடுதி மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார். ஓயாது உழைத்து அதனைச் சீர்திருத்தினார். 1868ஆம் ஆண்டில், 35 வயதில், டைபஸ் காய்ச்சலால் மாண்டார். அம்மையார் அவரை நினைந்து உருகி எழுதினார்.

தம் பணியிலேயே தவறு நேரினும் அம்மையார் கணக்கின் தீர்ப்புக்குத் தலைவணங்கினார். மருத்துவச்சியரைப் பயிற்றுவதற்காக, அவருடைய நிதியின் துணையால் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதி ஒன்று நடந்து வந்தது. அங்கே பிள்ளை பெற்ற தாய்மார் ஆயிரவருக்கு 33 பேர் இறந்தமை புலப்பட்டது. வீடுகளிற் பிள்ளை பெற்றவரிடையே இறப்பு அதனினும் மிகக் குறைவு. 1867ஆம் ஆண்டில் அப்பகுதி மூடப்பட்டது. அம்மையார் பல இடங்களின் கணக்குகளைத் திரட்டி, தாய்மாரைக் காக்கும் வழிகளை ஆராய்ந்து, 1871ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அவர் இந்தியாவிற்கு வந்ததில்லை. ஆயினும் இந்தியாவை மறந்ததில்லை. சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மாகாணங்களின் படைவீடுகளுக்கு வினாப்பட்டிகள் அனுப்பி விடைகளைப் பெற்றார். அவற்றை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1863ஆம் ஆண்டில் வெளிவந்தது. நல்ல குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் வேண்டும் என்று அவர் பல்லாண்டு வற்புறுத்தினார். தென்னாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, பாசன வசதிகளைப் பெருக்குமாறு எழுதினார்.

முதுமையில் அவர் கண்ணொளி மங்கியது. 1907ஆம் ஆண்டில் ஆங்கில மன்னர் வழங்கிய உயர்ந்த விருது அவரைத் தேடி வந்தது. அவ்விருதைப் பெற்ற முதற்பெண்மணியும் இவரே. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13ஆம் நாள், 90ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார். பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர்க் கோயிலில் அவர் உடலை அடக்கம் செய்ய அரசினர் முன்வந்தனர். எளிமையை விரும்பிய அவர் கருத்தறிந்த உறவினர் அதனை ஏலாது, சிற்றூர்க் கோயில் ஒன்றில் அடக்கம் செய்தனர். கல்லறையில் அவர் பெயரும் முழுமையாக இல்லை. முதலெழுத்துகள் மட்டுமே உள்ளன.

அம்மையார் பிறந்த மே 12ஆம் நாள் இன்று உலகச் செவிலியர் நாளாகப் போற்றப்படுகின்றது. அவர் கையில் ஏந்திய விளக்கை உலகம் அறியும். அவர் இரவெல்லாம் கண்விழித்து எழுதிய கணக்கை அறிந்தவர் சிலரே. இரக்கம் துன்புறுவோரின் அருகில் நம்மைக் கொண்டு சேர்க்கும். ஆராய்ச்சியே அத்துன்பத்தின் வேரைக் காட்டும். இரண்டையும் ஒருங்கே கொண்டு, நோயுற்றோரோடு அவரைப் பேணுவோரையும் பேணியதே நைட்டிங்கேல் அம்மையாரின் தனிப்பெருஞ் சிறப்பாகும்.