கோபால்ட்டை அவசரப்படுத்தாதவர்

கோபால்ட் வினையூக்கியின் மீது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் எவ்வளவு விரைவாக எரிபொருளாக மாறும் என்பதைச் சமன்பாடாக எழுதுவது பல ஆண்டுகளாக என் பணி. அந்தச் சமன்பாட்டில் ஒரு விந்தை உண்டு. கார்பன் மோனாக்சைடுதான் மூலப்பொருள். எனினும் அதன் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் வினை மந்தமாகிவிடும். உலோகப் பரப்பின் இடங்களை அதுவே பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை அண்டவிடாது. இத்தகைய சமன்பாடுகள் எவையும் கையில் இல்லாமல், ஆய்வகப் பட்டறிவால் மட்டுமே கோபால்ட்டின் இயல்பை அறிந்தவர் பிரான்ஸ் ஃபிஷர்.

1877இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் பிறந்தவர். (நோபல் பரிசு பெற்ற எமில் ஃபிஷர் வேறொருவர்.) ரூர் நிலக்கரி வட்டாரத்திலுள்ள மூல்ஹைமில் 1914இல் திறக்கப்பட்ட கெய்சர் வில்ஹெல்ம் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். கரி மிகுந்து, எண்ணெய் அரிதான நாடு அது. அவரும் ஹன்ஸ் டிராப்ஷும் முதலில் காரம் சேர்த்த இரும்பை 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்கு அழுத்தத்திலும் சோதித்தனர். ஆல்கஹால்களும் அமிலங்களும் கலந்த திரவமே கிடைத்தது. 1925–26இல் வழியை மாற்றினர். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், மிகக் குறைந்த வெப்பத்தில், கோபால்ட்டும் இரும்பும் எண்ணெயையும் மெழுகையும் தந்தன.

கோபால்ட்டைப் பொறுத்தவரை 200 டிகிரியை ஒட்டி நிற்பதே கலை. வெப்பத்தை ஏற்றினால் வினை விரையும்; ஆனால் கார்பன் சங்கிலி நீளுமுன்பே அறுந்து, மீத்தேன் வாயு பெருகும். வினையோ தானே கடும் வெப்பத்தை உமிழ்வது. ஆகவே ஆலைகளில் இரும்புத் தகடுகளை நெருக்கமாக அடுக்கி, ஊடே நீர்க்குழாய்களை ஓடவிட்டு வெப்பத்தை வெளியேற்றினர். ஓட்டோ ரோலன் செம்மைப்படுத்திய வினையூக்கியில் 100 பங்கு கோபால்ட்டுக்கு 5 பங்கு தோரியம் ஆக்சைடு, 8 பங்கு மெக்னீசியம் ஆக்சைடு, 200 பங்கு கீசல்கூர் மண். இன்றைய மாதிரியாக்கக்காரனான எனக்கு இந்த எண்கள் வியப்பளிக்கின்றன. அவ்வளவும் சலியாத சோதனைகளின் விளைவு.

டிராப்ஷ் 1928இல் மூல்ஹைமை விட்டு விலகினார், 1935இல் மறைந்தார். ஃபிஷர் தங்கினார். நாஜி அரசு போருக்கு எண்ணெய் தேடியது. ஜெர்மனியில் இம்முறையில் ஒன்பது ஆலைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றான ஷ்வார்ட்ஸ்ஹைடுக்கு 1944 கோடையில் ஆஷ்விட்ஸிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் யூதக் கைதிகள் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். ஃபிஷர் அதற்கு முந்தைய ஆண்டே பதவியிலிருந்து விலகியிருந்தார். கார்ல் சீக்லர் அவ்விடத்துக்கு வந்தார். ஆயினும் ஃபிஷரைக் கறையற்றவராகக் காட்ட எனக்கு மனமில்லை. எண்ணெய் யாருக்காக வடிக்கப்படுகிறது என்பது இயக்குநருக்குத் தெரியாதிருக்க வழியில்லை. 1947இல் அவர் மியூனிக்கில் இறந்தபோது, குண்டுவீச்சில் அவ்வாலைகள் பலவும் சிதைந்திருந்தன.

கத்தாரின் பேர்ல் ஆலையில் இன்றும் கோபால்ட்டே இயற்கை எரிவாயுவை டீசலாக்குகிறது. மாணவர்களுக்கு இந்த வினையின் வேகச் சமன்பாட்டைக் கற்பிக்கும் நாளில், கரும்பலகையின் ஓரத்தில் ஷ்வார்ட்ஸ்ஹைடு என்றும் எழுதுகிறேன். யாராவது கேட்டால் சொல்கிறேன்.