ஆன்ரி முவாஸான்

பிரெஞ்சு இரசாயன சாஸ்திரியாகிய ஆன்ரி முவாஸான் 1852ஆம் வருஷம் பாரீஸ் நகரில் எளிய குடும்பத்திற் பிறந்தவர். பள்ளிப்படிப்பு முற்றுப்பெறாத நிலையில் மருந்துக்கடையில் அமர்ந்து தொழில் பயின்றார். புளோரினைத் தனியே பிரிக்க முயன்றோருட் சிலர் நச்சுப்புகையால் மாண்டிருந்தும் அவர் பின்வாங்கினாரல்லர். 1886ஆம் வருஷம் ஜூன் 26ந் தேதி, பொட்டாசியப் புளோரைடு கலந்த ஹைட்ரஜன் புளோரைடு திரவத்தினுள் மின்சாரம் செலுத்தி அவ்வாயுவைப் பெற்றார். 1906இல் நோபெல் பரிசு எய்தி, மறு வருஷமே காலமானார்.

1957இல் அமெரிக்கராகிய ஹைடல்பர்கர் குழுவினர், யுராஸில் என்னும் பொருளின் ஒரு ஹைட்ரஜன் அணுவிற்குப் பதிலாகப் புளோரின் அணுவை அமைத்த புற்றுநோய் மருந்தை வெளியிட்டனர். அவ்விரு அணுக்களும் பருமனில் ஏறக்குறைய ஒத்திருத்தலின், உயிரணு அதனைத் தனக்குரிய பொருளென மயங்கி ஏற்றுப் பெருகும் ஆற்றலை இழக்கின்றது. ஆராய்ந்தோரைக் கொன்ற தனிமம் நோயுற்றோரைக் காக்க வந்ததற்கு அவரது அஞ்சாமையே முதற்படியன்றோ!