மாண்டிஸோரி அம்மையார்

புத்தி வளர்ச்சி குன்றிய குழந்தை ஒரு வீட்டில் பிறந்துவிட்டால், அதைக் குழந்தையின் குறையென்று கருதாமல் குலத்துக்கு நேர்ந்த பழியென்று கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. மூத்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்றஞ்சி, விருந்தினர் வரும்போது அக்குழந்தையை உள்ளறையில் வைத்துப் பூட்டும் பெற்றோர் உண்டு. மனநோய் வேறு, புத்தி வளர்ச்சிக் குறைவு வேறு என்பதையும் உணராமல், இரண்டையும் பைத்தியம் என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுகிறோம். இப்பழியைப் போக்கும் வழி உபதேசமன்று, பள்ளிக்கூடமே என்பதைச் செய்கையில் காட்டியவர் மேரியா மாண்டிஸோரி அம்மையார்.

அவர் 1870 ஆகஸ்டு 31ந் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் பயில்வதே அரிதாயிருந்த அக்காலத்தில், 1896-ல் ரோமாபுரி சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே மனநோய்ச் சிகிச்சைப் பகுதியில் உதவி வைத்தியராக அமர்ந்து, மனநோய் விடுதிகளுக்குச் சென்று வந்தார். அவ்விடுதிகளில் பெரியவர்களோடு குழந்தைகளும் அடைபட்டிருந்தனர். ஓரிடத்தில், உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் துழாவுவதைக் காவற்காரி அருவருப்போடு சுட்டிக் காட்டினாள் என்பர். அம்மையார் அவ்வறையை நோக்கினார். கையால் தொட்டு விளையாட அங்கே வேறொரு பொருளும் இல்லை. அக்குழந்தைகளுக்கு இருந்தது உணவின் பசியன்று, வேலையின் பசி என்று தெளிந்தார்.

இதார், ஸேகான் என்னும் பிரெஞ்சு வைத்தியர்கள் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்க முயன்று எழுதிய நூல்களைத் தம் கையாலேயே பெயர்த்தெழுதிப் பயின்றார். 1900-ல் ரோமாபுரியில் இவர்களுக்கெனத் தனிப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் தலைமையை டாக்டர் மாண்டிஸானோ என்பவரோடு சேர்ந்து ஏற்ற அம்மையார், காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை குழந்தைகளுடனேயே இருந்தார். மரத்தாற் செய்த எழுத்துக்களை விரலால் தடவச் செய்தே எழுதக் கற்பித்தார். அவர்களிற் சிலர், சாதாரணப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலேயே வாசிப்பிலும் எழுத்திலும் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ, இவர்களே இவ்வளவு தேறும்போது மற்றப் பிள்ளைகள் இந்நிலையிலேயே நிற்பானேன் என்று சிந்தித்தார். 1907-ல் ஸான் லாரென்ஸோ என்னும் ஏழைகள் பகுதியில் அவர் திறந்த குழந்தைகள் இல்லம் அச்சிந்தனையின் பயனேயாகும். ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கென வகுத்த முறையே உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் உரியதாயிற்று.

ஊர்ப்பழி அவரையும் விட்டுவைக்கவில்லை. 1898-ல் மணமாகாமலே பெற்ற மகன் மேரியோவை அவர் பிறர் வீட்டில் வளரவிட நேர்ந்தது. பிறர் மறைத்த குழந்தைகளை வெளிக்கொணர்ந்த தாய், தம் மகனை உலகறியச் சொல்ல இயலாது நெடுங்காலம் தவித்தார். 1939-ல் அம்மகனோடு சென்னை வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, ஆங்கில சர்க்கார் மேரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளன்று அவரைத் தாயிடம் சேர்ப்பித்தது. பின்னர் கோடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்நாட்டிலே பணிபுரிந்த அம்மையார், 1952 மே 6ந் தேதி ஹாலந்தில் காலமானார்.

அவர் வாழ்ந்த நாட்டில் நாம் செய்ய வேண்டுவது என்ன? ஆம்பூரை அடுத்த வேலூரில், பாகாயத்தில் 1957 முதல் நடந்துவரும் மனநல நிலையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கச் செய்து, மறைக்க வேண்டுவது ஒன்றுமில்லையென்று கற்பித்து வந்திருக்கிறது. 2016-ம் வருஷத்துச் சட்டம், கணிசமான ஊனமுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. எனினும், தாய் ஷூ கம்பெனிக்கும் தந்தை தோல் ஷாப்புக்கும் போய்விட்டால், இத்தகைய பிள்ளைக்குப் பூட்டிய அறைதான் கதி என்னும் நிலை எந்த வீட்டிலும் இருத்தலாகாது. நம் ஊர்களில் இவர்களுக்கான பள்ளிகள் சந்துகளில் ஒளியாமல் கடைத்தெருவை நோக்கி நிற்கட்டும். தோல் வியாபாரத்தில் செல்வம் சேர்த்த கனவான்கள் அவற்றைத் தாங்கட்டும். பிள்ளைகள் எழுதியதையும் செய்ததையும் ஆண்டுதோறும் ஊரார் திரண்டு வந்து பார்க்கட்டும். பிள்ளையின் கைவேலையைக் கண்ணால் கண்டவர்கள், அவன் பெற்றோரைப் பழித்துப் பேசத் துணியமாட்டார்கள்.